பாட்டி பார்த்த நாடகமும் மந்திர அமைச்சும்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. இரவு பத்தரைக்கு மேல் கைப்பேசி கிடையாது. சட்டம் போட்டவன் நான். கண்காணிப்பவன் நான். மீறினால் தண்டிப்பவனும் நானே. துணைக்கு மகளின் கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டு வைத்திருக்கிறேன். எத்தனை மணிக்கு எதைத் திறந்தாள், எவ்வளவு நேரம் பார்த்தாள் என்ற கணக்கை அது தினமும் காலையில் எனக்கு அனுப்பிவிடும்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, எம்ஆர்டியில் நின்றபடி அந்தக் கணக்கைப் பார்த்தேன். யூடியூப், இரவு 11.08 முதல் 47 நிமிடம். மாலை வீடு திரும்பியதும் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கையை நீட்டினேன். “ஒரு வாரத்துக்கு போன் அப்பாகிட்ட இருக்கும்.”

“நான் இல்லப்பா” என்றாள்.

“ரிப்போர்ட் பொய் சொல்லாதும்மா” என்றேன்.

அது பொய் சொல்லவில்லைதான். நாலாம் நாள் காலை தோசையைத் தட்டில் வைத்துக்கொண்டே என் அம்மா கேட்டார்: “புள்ளயோட போன் எங்கப்பா? அன்னிக்கு என் போன்ல சார்ஜ் இல்ல. கோயிலுக்குப் போனதுல நாடகம் விட்டுப்போச்சுன்னு அதுலதான் பார்த்தேன். பாதியில தூங்கிட்டேன். மிச்சத்தைப் பார்க்கணும்.”

பத்தரைக்கு மகள் ஒழுங்காகக் கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறாள். பேத்தியின் கடவு எண் பாட்டிக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

அந்த நாலு நாளில் இன்னொன்றும் நடந்துவிட்டது. மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். இணைப்பாட நடவடிக்கையாக நாடகக் குழுவில் இருக்கிறாள். ஒத்திகை நேரம் மாறிய செய்தி குழு உரையாடலில் வந்திருக்கிறது. கைப்பேசி என் அலமாரியில். ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய் நின்றிருக்கிறாள். அவளுக்கென்று பேசி வைத்திருந்த வேடம் அதற்குள் வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது. என்னிடம் சொல்லவில்லை. மனைவி சொல்லித்தான் தெரிந்தது.

“சாரிம்மா” என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை என் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு புத்தகம் இருந்தது. தொடக்கக் கல்லூரியில் படித்த காலத்தில் நான் வாங்கிய ‘ஹாரி பாட்டர்’ இரண்டாம் பாகம். இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு டிஷ்யூ காகிதம் அடையாளத்துக்கு வைக்கப்பட்டிருந்தது.

படித்தவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். மந்திரப் பள்ளி மாணவன் ஹாரி, கோடை விடுமுறையில் பெரியம்மா வீட்டில் இருக்கிறான். விருந்தாளிகள் வந்திருக்கும் இரவில், டாபி என்ற வீட்டு எல்ஃப் புகுந்து, பெரியம்மா செய்து வைத்த இனிப்பை மந்திரத்தால் மிதக்க வைத்துத் தரையில் போட்டு உடைக்கிறது. சற்று நேரத்தில் ஓர் ஆந்தை கடிதத்தோடு வருகிறது. மந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் அலுவலகத்திலிருந்து வந்த எச்சரிக்கை. ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு உங்கள் வசிப்பிடத்தில் மிதக்கும் மந்திரம் பயன்படுத்தப்பட்டது, மறுபடி நடந்தால் பள்ளியிலிருந்து நீக்கம் என்கிறது கடிதம். கீழே மஃபால்டா ஹாப்கிர்க் என்ற அதிகாரியின் கையெழுத்து. நேரம் சரி. இடம் சரி. மந்திரம் சரி. ஆள்தான் தவறு.

மகளுக்கு நாலு நாள் ஆத்திரம். எனக்கு ஒரு வாரம் தூக்கம் போனது. ஏழு பாகங்களையும் மறுபடி எடுத்து, அந்த அரசாங்கத்தை மட்டும் தேடித் தேடிப் படித்தேன்.

தமிழில் மந்திரத்துக்கும் மந்திரிக்கும் ஒரே வேர். ஜே.கே. ரௌலிங் எழுதி 1997 முதல் 2007 வரை வெளியான கதையில் அந்த இரண்டும் ஒரே கட்டடத்தில் வாழ்கின்றன. லண்டன் மாநகரத்துக்கு அடியில் மந்திர அமைச்சு. பார்வையாளர்கள் ஒரு பழைய சிவப்புத் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று எண்களை அழுத்தினால் கூண்டு அப்படியே பூமிக்குள் இறங்கும். உள்ளே மின்தூக்கி, தளம் தளமாகத் துறைகள், குழுக்கள், துணைக்குழுக்கள், அலுவலகங்களுக்கு இடையே பறந்துபோகும் காகிதச் சுற்றறிக்கைகள். படம் மட்டும் பார்த்தவர்களுக்கு இதில் பாதிதான் தெரியும்.

என் பிழைப்பே விதிகளோடுதான். ஒரு நிறுவனத்தின் விதி இணக்கப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அதனால் இதில் பல விதிகளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை, மரியாதைதான் வந்தது. ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் தோன்றும் வித்தைக்கு 17 வயதும் தேர்வும் உரிமமும் வேண்டும். வேண்டாமா பின்னே? கவனம் பிசகினால் உடம்பில் ஒரு பகுதி பழைய இடத்திலேயே தங்கிவிடும். ரான் அரைப் புருவத்தை விட்டுவிட்டுப் போனதால் முதல் தேர்வில் தோற்றான். டிராகன் வளர்ப்பதற்கு 1709இலேயே தடை. ஹாக்ரிட் அந்தத் தடையை மீறி மரக் குடிசைக்குள் நெருப்புக் கக்கும் குட்டியை வளர்த்தபோது தடையின் அருமை எல்லாருக்கும் புரிந்தது. கொப்பரைகளின் அடித்தடிமன் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பெர்சி அறிக்கை எழுதுவதைக் கண்டு தம்பிகள் கேலி செய்கிறார்கள். கொதிக்கும் விஷம் ஒழுகிக் காலில் கொட்டினால் அந்த அறிக்கையின் மதிப்பு தெரியும்.

ஆகவே ஒழுங்குமுறை வேண்டுமா வேண்டாமா என்பதல்ல என் கேள்வி. வயது வராதவர்களின் மந்திரத்தைக் கட்டுப்படுத்தும் 1875ஆம் ஆண்டு ஆணை ஒன்று கதையில் வருகிறது. பள்ளிக்கு வெளியே 17 வயதுக்குட்பட்டவர்கள் மந்திரம் செய்யக்கூடாது. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரே ஆணை ஏழு பாகங்களில் யார்மீது எப்படி விழுகிறது என்று வரிசையாகப் பாருங்கள்.

முதல் முறை, டாபி உடைத்த இனிப்பு. ஹாரி குற்றமற்றவன். தண்டிக்கப்பட்டான். எச்சரிக்கைக் கடிதத்தோடு அது முடியவில்லை. பள்ளிக்கு வெளியே இவன் மந்திரம் செய்ய முடியாது என்று பெரியப்பாவுக்குத் தெரிந்துபோய், ஜன்னலுக்குக் கம்பி போட்டு அறையில் அடைத்துவிட்டார். கடிதம் அனுப்பிய அலுவலகத்துக்கு அது தெரியவே தெரியாது. ஒரு தண்டனை போய்ச் சேரும் வீட்டில் அது என்னவாக மாறுகிறது என்று தண்டித்தவர் பார்ப்பதில்லை. என் மகளுக்கு ஒரு வாரக் கைப்பேசித் தடை. அது ஒரு வேடமாக மாறிப் போனது எனக்குத் தெரியாத மாதிரிதான்.

இரண்டாம் முறை, மூன்றாம் பாகம். கோபத்தில் அத்தை மார்ஜை பலூன்போல ஊதிப் பறக்கவிடுகிறான். இம்முறை செய்தவன் அவனேதான். கோபத்தோடு வீட்டைவிட்டு வெளியேறிய பிறகு, கைது செய்துவிடுவார்களோ என்று பயப்படுகிறான். போன இடத்தில் மந்திர அமைச்சர் ஃபட்ஜ் நேரிலேயே காத்திருந்து, அறை எடுத்துக் கொடுத்து, இதெல்லாம் ஒரு விஷயமா என்று தட்டிக்கொடுக்கிறார். போன வருடம் ஒரு இனிப்புக்கு எச்சரிக்கை அனுப்பினீர்களே என்று பையனே கேட்கிறான். சூழ்நிலை மாறிவிட்டது என்று அமைச்சர் மழுப்புகிறார். மாறியது சூழ்நிலைதான், சட்டமல்ல. ஆபத்தான கைதி எனக் கருதப்பட்ட சிரியஸ் பிளாக் தப்பியிருக்கிறான். ஹாரி பத்திரமாக இருப்பது அந்த நேரத்தில் அமைச்சருக்குத் தேவை. சலுகை கிடைத்தவனுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சட்டம் அமைச்சரின் மனநிலையைப் பொறுத்தது என்பது அந்த இரவில் தெரிந்துவிடுகிறது.

மூன்றாம் முறை, ஐந்தாம் பாகம். உயிரை உறிஞ்சும் டிமென்டர்கள் இரண்டு, ஹாரியையும் பெரியம்மா மகன் டட்லியையும் தாக்குகின்றன. காப்பு மந்திரம் சொல்லி விரட்டுகிறான். உயிருக்கு ஆபத்து என்றால் மந்திரம் செய்யலாம் என்று அதே ஆணையின் ஏழாம் பிரிவு சொல்கிறது. ஆனால் சில நிமிடங்களில் கடிதம் வருகிறது: பள்ளியிலிருந்து நீக்கம், மந்திரக்கோலை அழிக்க ஆட்கள் வருகிறார்கள். விசாரணை அதற்குப் பிறகாம். அமைச்சருக்கு இப்போது ஹாரியைப் பிடிக்கவில்லை. அவன் சொல்லும் ஓர் உண்மை அவருக்கு இடைஞ்சலாக இருக்கிறது.

விசாரணை நாளன்று காலையில் நேரத்தையும் அறையையும் மாற்றுகிறார்கள். 15 வயதுப் பையனைச் சங்கிலி தொங்கும் நாற்காலியில் உட்கார வைத்து, ஐம்பது பேர் கொண்ட விசன்காமட் நீதிமன்றம் முழுதாகக் கூடுகிறது. கேள்வி கேட்பவர் அமைச்சர். தீர்ப்பில் வாக்களிப்பவரும் அமைச்சர். டம்பிள்டோர் வந்து வாதாடி, சாட்சி கொண்டுவந்து காப்பாற்றினார். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

அந்த விசாரணையில் இன்னொரு சின்ன விஷயம் நடக்கிறது. இவன் ஏற்கெனவே மிதக்கும் மந்திரம் செய்து பிடிபட்டவன்தானே என்று ஃபட்ஜ் இழுக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்னால் டாபி உடைத்த அதே இனிப்பு! தவறான பதிவை யாரும் அழிக்கவே இல்லை. அதைப் படித்ததும் எழுந்துபோய் என் கைப்பேசியைத் திறந்தேன். அந்த வியாழக்கிழமைக் கணக்கு இன்னும் அப்படியே இருந்தது. மகளின் பெயர், 11.08, 47 நிமிடம், பக்கத்தில் சிவப்புப் புள்ளி.

நான்காம் முறைதான் எல்லாவற்றிலும் கொடுமை. அது ஆறாம் பாகத்தில் தெரியவருகிறது. 16 வயது டாம் ரிடில், பிற்காலத்து வோல்டமோர்ட், தன் தாய்மாமன் மார்ஃபினை மயங்க வைத்து, அவருடைய மந்திரக்கோலை எடுத்துப்போய், சொந்தத் தகப்பனையும் தாத்தா பாட்டியையும் கொல்கிறான். கோலைத் திரும்ப வைத்துவிட்டு, கொலை செய்தது தாமே என்ற நினைவையும் மாமனின் மனதில் பதித்துவிடுகிறான். அமைச்சு வந்தது. கோலைச் சோதித்தது. மார்ஃபின் ஒப்புக்கொண்டார். அஸ்கபான் சிறைக்கு அனுப்பியது. பல காலம் கழித்து டம்பிள்டோர் உண்மையைக் கண்டுபிடித்துச் சொன்னார். அமைச்சு முடிவெடுப்பதற்குள் மார்ஃபின் சிறையிலேயே இறந்துவிட்டார்.

இனிப்பு உடைந்ததற்குச் சில நிமிடங்களில் கடிதம் அனுப்பிய கண்காணிப்பு, மூன்று கொலை செய்த சிறுவனை ஏன் பிடிக்கவில்லை? பதில் எளிது. வயது வராதவர்கள்மீது ‘தடம்’ என்ற மந்திரம் போடப்பட்டிருக்கிறது. அவர்களைச் சுற்றி மந்திரம் நடந்தால் அது தெரியும். யார் செய்தார் என்று தெரியாது. மந்திரவாதி பெற்றோர் உள்ள வீட்டில் தினமும் மந்திரம் நடக்கும். அங்கே பிள்ளையைப் பெற்றோரே பார்த்துக்கொள்வார்கள் என்று அமைச்சு விட்டுவிடுகிறது. மந்திரம் அறியாத வீட்டில் வளரும் பிள்ளைக்கு மட்டும் ஆந்தை வருகிறது. எழுத்தில் எல்லாருக்கும் ஒரே சட்டம். விழுவது, வீட்டில் பேச ஆளில்லாத பிள்ளையின் தலையில். விஷயத்தைக் கேட்டதும் ஹாரிக்குக் கோபம் வருகிறது. கோபம் வராமல் என்ன செய்யும்?

இங்கே நான் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மஃபால்டா ஹாப்கிர்க். கதையில் அவரை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. எனக்கு அவர்தான் மிக நெருக்கமானவராகத் தெரிந்தார். ஏனென்றால் அவர் செய்யும் வேலையைத்தான் நானும் செய்கிறேன். எச்சரிக்கைக் கடிதத்தின் முடிவில், விடுமுறையை இனிதே கழிக்கும்படி ஹாரியை வாழ்த்துகிறார். நானும் வெள்ளிக்கிழமைகளில் அப்படித்தான் எழுதுகிறேன். ‘உங்கள் விளக்கத்தை மூன்று நாளில் அனுப்பவும். இனிய வார இறுதி.’

மஃபால்டா கெட்டவர் அல்ல. தகவல் வருகிறது, கடிதம் அனுப்புகிறார். ஏழாம் பாகத்தில் அமைச்சு வோல்டமோர்ட்டின் ஆட்கள் கைக்குப் போகிறது. மந்திரம் அறியாத பெற்றோருக்குப் பிறந்தவர்களை வரவழைத்து, உங்கள் மந்திரக்கோலை யாரிடமிருந்து திருடினீர்கள் என்று விசாரிக்கும் ஆணையம் ஒன்று வருகிறது. அங்கே ஒருநாள் பதிவெடுக்கும் வேலை யாருக்கு? மஃபால்டாவுக்கு. அன்று அவருடைய உருவத்தை எடுத்துக்கொண்டு ஹெர்மயனி அந்த நாற்காலியில் உட்காரும் காட்சி எல்லாருக்கும் நினைவிருக்கும். ஹெர்மயனி வந்திராவிட்டால் அங்கே உண்மையான மஃபால்டா உட்கார்ந்திருப்பார் என்பதை நான் இந்த முறைதான் யோசித்தேன். அதே அலுவலகம். அதே நேர்த்தியான கையெழுத்து.

அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் பெஞ்சமின் பார்ட்டன் 2006இல் மிச்சிகன் சட்ட ஆய்விதழில் இந்த அமைச்சைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். அரசாங்க நிர்வாகத்தின்மீது ரௌலிங் வைத்த கடுமையான விமர்சனம் இது என்பது அவர் வாதம். ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரசாங்கமே வேண்டாம் என்று கதை சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. கொப்பரைக்குத் தடிமன் வேண்டும். டிராகனுக்குத் தடை வேண்டும். ரௌலிங் இளவயதில் லண்டனில் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் மனித உரிமை அமைப்பில் வேலை பார்த்தவர். சிரியஸ் பிளாக் விசாரணையே இல்லாமல் 12 வருடம் சிறையில் கிடப்பதும், ஓநாய் மனிதன் என்பதற்காக லூப்பினுக்கு வேலையே கிடைக்காதபடி அம்பிரிட்ஜ் சட்டம் எழுதுவதும் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அந்த அம்பிரிட்ஜ்தான் பள்ளிக்குள் வந்து கல்வி ஆணைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரில் அறைகிறார். 24ஆம் ஆணை மாணவர் குழுக்களை எல்லாம் கலைக்கிறது. 26ஆம் ஆணை ஆசிரியர்கள் பாடத்துக்கு வெளியே எதையும் பேசக்கூடாது என்கிறது. 27ஆம் ஆணை, ஒரு குறிப்பிட்ட பத்திரிகையை வைத்திருந்தாலே நீக்கம் என்கிறது. ஹாரியை நோக்கி டிமென்டர்களை அனுப்பியதும் அவர்தான் என்று கடைசியில் அவர் வாயாலேயே வருகிறது. குற்றத்தை உண்டாக்கியவரே நீதிமன்றத்தில் உட்கார்ந்து அவனுக்கு எதிராக வாக்களித்தார்.

கெட்டவர்கள் வந்ததால் சட்டம் கெட்டது என்று சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஃபட்ஜ் காலத்திலேயே, மஃபால்டாவின் முதல் கடிதத்திலேயே குறை இருந்தது. “நீ செய்தாயா?” என்று ஒரு வரி அதில் இல்லை. கேட்காமல் தண்டிக்கும் வழக்கம் நல்லவர்கள் கையில் இருந்தபோதே வந்துவிட்டது. அம்பிரிட்ஜ் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லாமல் போயிற்று.

அலுவலகத்தில் என் கடித வடிவத்தை மாற்றியிருக்கிறேன். முதல் வரி இப்போது ஒரு கேள்வி. மேலாளர், இதனால் வேலை இழுக்கும் என்கிறார். இழுக்கத்தான் செய்கிறது.

வீட்டுச் சட்டத்தை மகளிடமே கொடுத்துத் திருத்தச் சொன்னேன். மூன்றே பிரிவு எழுதினாள். கேட்ட பிறகுதான் தண்டனை. தண்டனையை அப்பா மட்டும் முடிவு செய்யக்கூடாது, அம்மாவும் சேர வேண்டும். பத்தரை மணிச் சட்டம் வீட்டில் உள்ள எல்லாருக்கும் பொருந்தும். மூன்றாம் பிரிவைப் படித்ததும் என் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். “கடைசி வாரம் மட்டும் விட்டுக்குடும்மா, கல்யாணம் நடக்கப் போவுது” என்று பேத்தியிடம் மனு போட்டிருக்கிறார். பரிசீலனையில் இருக்கிறது. எனக்கு எந்தச் சலுகையும் கிடையாது. பத்தரைக்கு என் கைப்பேசியும் கூடத்து மேசைக்குப் போய்விடுகிறது. செயலியில் அந்தச் சிவப்புப் புள்ளியை அழிக்க வழி இல்லை. செயலியையே நீக்கிவிட்டேன்.

வேடம் திரும்பி வரவில்லை. வேறொரு பிள்ளை ஒரு மாதமாக உழைத்துப் பழகியிருக்கிறாள், அவளிடமிருந்து அதைப் பிடுங்குவது இன்னொரு அநியாயம் என்று மகளே சொல்லிவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை நாடகம் மேடையேறுகிறது. அவள் திரைக்குப் பின்னால் விளக்குகளைப் பார்த்துக்கொள்கிறாள். மனைவி, அம்மா, நான் மூன்று பேரும் போகிறோம். விளக்கு எப்போது எரிகிறது, எப்போது அணைகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன்.